கோச் சாப் வீட்டுத் தபால்

என் நண்பன் நான்கு நாடுகளில் கால்பந்துப் பயிற்சியாளனாக இருந்தான். நான் ஒரே கட்டடத்தில் முப்பத்து மூன்று வருடம் குமாஸ்தாவாக இருந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாருக்கு யார் மேல் பொறாமை என்று பின்னால் யாரும் குழம்ப வேண்டாம். எனக்குத்தான். அவன் மேல்தான். வயசானால் இதெல்லாம் தானாக அடங்கும் என்றார்கள். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை இருக்கிறது. இதற்கு இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் இருவரும் ஒரே மாதத்தில் டெல்லிக்கு வந்தோம். நான் பொன்மலை ரயில்வே காலனியில் பந்து உதைத்து வளர்ந்தவன், அவன் திண்டுக்கல்காரன். மத்திய அரசின் ஓர் அமைச்சகம் தன் கால்பந்து அணிக்கு ஆள் எடுத்தபோது விளையாட்டு ஒதுக்கீட்டில் இருவருக்கும் கிளார்க் வேலை கிடைத்தது. கோல் மார்க்கெட்டில் ஒரு பஞ்சாபி அம்மாவின் மாடியறையில் ஒன்றாகத் தங்கினோம். முதல் குளிர்காலத்தில் எங்களிடம் இருந்தது ஒரே ரஜாய், பஞ்சு வைத்துத் தைத்த போர்வை. அதை ஆளுக்கொரு பக்கம் இழுத்துச் சண்டை போட்டே அந்த ஜனவரியைக் கடந்தோம். கல்யாணம் ஆன பிறகு கிட்வாய் நகரில் இருவருக்கும் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. அவனுக்குக் கீழ்த்தளம், முன்னால் குட்டித் தோட்டத்தோடு. எனக்கு அதே படிக்கட்டில் மாடி. தோட்டம் அவனுக்கு, படிக்கட்டு எனக்கு. எரிச்சல் அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

ஆட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் லெஃப்ட் விங்கில் ஓடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். டெல்லி கேட் பக்கத்து ஸ்டேடியத்தில் நான் பந்தோடு திரும்பினால், வெயில் காய்ந்தபடி வேர்க்கடலை உரித்துக்கொண்டிருக்கும் கும்பல் எழுந்து நிற்கும். அவன் பின்னால் தடுப்பாட்டக்காரன். கால் இரண்டும் மரக்கட்டை. பத்து அடி ஓடினால் மூச்சு வாங்கும். வாய் மட்டும் ஓயாது. "மாப்ளே, எடது பக்கம் விடு! பின்னால வர்றான் பாரு! நீ நில்லு, அவன் போகட்டும்!" என்று தொண்ணூறு நிமிஷமும் தமிழில் கத்திக்கொண்டே இருப்பான். பாதிப் பேர் சர்தார்ஜிகளும் கார்வால் மலைக்காரர்களும். அவர்களுக்கும் எப்படியோ புரிந்துவிடும். அவன் சொன்ன இடத்துக்குப் போனால் பந்து வந்து சேரும். ஆனால் கோல் போட்டவன் நான். அதை யாரும் மறக்கக் கூடாது.

எங்கள் அமைச்சகத்தின் விளையாட்டுச் செயலாளர் ஒரு வங்காளி அதிகாரி. மீனும் கால்பந்தும் இல்லாமல் அவருக்கு உயிர் இல்லை. ஒரு வருடம் பஞ்சாபில் நடக்கும் பயிற்சியாளர் படிப்புக்கு எங்கள் அமைச்சகத்திலிருந்து ஒருவரை அனுப்பலாம் என்று உத்தரவு வந்தது. ஒரே ஒரு இடம். எனக்குத்தான் என்று நான் மட்டுமா, கேண்டீன் பையா வரை எல்லோரும் சொன்னார்கள். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன். அவர் எங்கள் இருவரையும் உட்காரவைத்து, டீ வரவழைத்து, என்னைப் பார்த்து அன்பாகச் சொன்னார்: "நீ ரொம்ப நன்றாக ஆடுகிறாய். இவன் மற்றவர்களை நன்றாக ஆடவைக்கிறான்." அவ்வளவுதான். டீ ஆறுவதற்குள் இடம் அவனுக்குப் போய்விட்டது.

"அடுத்த வருஷம் நீ போவே மாப்ளே" என்று அவன் பஸ்ஸில் என் தோளில் கை போட்டான். அந்தக் கையை எடுக்கச் சொல்ல வாய் வரை வந்தது. அடுத்த வருடம் அந்த இடம் வேறு அமைச்சகத்துக்குப் போயிற்று. அதற்கடுத்த வருடம் என் வலது முட்டி போயிற்று.

அவன் கழுத்தில் விசிலும் கையில் நோட்டுப் புத்தகமுமாகத் திரும்பி வந்தான். முட்டி போவதற்கு முன்னால் ஒரு முழு சீசன் நான் அவன் விசிலுக்கு ஓடினேன். நேற்று வரை என் ரஜாயை இழுத்தவன் விசில் ஊத, நான் மைதானத்தைச் சுற்ற வேண்டும்! அவன் அணியை மாற்றி அடுக்கினான், தோற்றுக்கொண்டிருந்த நாங்கள் ஜெயிக்க ஆரம்பித்தோம். ஜெயித்தது சந்தோஷம்தான். அவன் சொல்லி ஜெயித்ததுதான் செரிக்கவில்லை.

இப்படி இருக்கையில் மஸ்கட்டிலிருந்து அவனுக்கு ஓலை வந்தது. அங்கே ஒரு கிளப்பின் ஆட்கள் டெல்லியில் எங்கள் ஆட்டத்தைப் பார்த்திருந்தார்கள். இரண்டு வருடப் பயிற்சியாளர் வேலை. அவன் முறைப்படி விண்ணப்பம் கொடுத்தான்: சம்பளமில்லாத விடுப்பு இரண்டு வருடம், வெளிநாடு போக ஆட்சேபணை இல்லை என்று ஒரு சான்றிதழ். "ரெண்டே வருஷம் மாப்ளே. ஜல்தியா ஓடிரும். திரும்பி வந்து இதே நாற்காலில உக்காந்துருவேன். வேற எவனும் உக்காராம பாத்துக்க" என்றான்.

அந்த விண்ணப்பம் ஃபைலாகி என் மேஜைக்குத்தான் வந்தது. ஊழியர்களின் விடுப்பு, அனுமதி எல்லாம் பார்க்கும் செக்ஷனில் நான் இருந்தேன். அவனுக்கு அதில் ஏக சந்தோஷம். "நம்ம ஆளு கைல இருக்கு, இனி என்ன கவலை?" என்று தன் பெண்டாட்டியிடம் சொன்னானாம்.

எங்கள் ஆபீஸ் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சர்க்கார் ஆபீஸில் யாரும் யாருக்கும் 'முடியாது' என்று எழுதமாட்டோம். முடியாது என்று எழுதினால் காரணம் காட்ட வேண்டும், நாளைக்கு யாராவது கேட்பார்கள். அதனால் ஒரு கேள்வியை எழுதிவிடுவோம். ஃபைலில் இருக்கும் பச்சைத் தாளில் இரண்டு வரி, கீழே இடது ஓரத்தில் நம் சுருக்கக் கையெழுத்து. கேள்வி எழுதிய ஃபைல் பதில் தேடி வேறு துறைக்குப் போகும், அங்கிருக்கிறவன் தன் பங்குக்கு ஒன்று கேட்பான், அது மூன்றாவது இடத்துக்குப் போகும். யாரும் மறுக்கவில்லை, யார் மேலும் பழி இல்லை, வேலை மட்டும் நடக்காது.

நான் கேள்வி எழுதினேன். 'விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்த ஊழியர் வெளிநாட்டுத் தனியார் கிளப்பில் வேலை செய்வதற்கு விடுப்புக் கொடுக்க விதியில் இடமுண்டா என்று நிதிப் பிரிவு தயவுசெய்து பார்க்கலாம்.' எவ்வளவு மரியாதையான வாக்கியம் பாருங்கள்! செக்ஷன் ஆபீசர் ஒரு பஞ்சாபிப் பெரியவர். எது வைத்தாலும் சமோசாவைக் கடித்துக்கொண்டே கையெழுத்துப் போடுவார். போட்டார். ஃபைல் போயிற்று.

நான் ஏன் எழுதினேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். விதியாவது, மண்ணாங்கட்டியாவது. அவன் போகக் கூடாது. என்னோடு அதே பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வர வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

மூன்று மாதம் ஃபைல் ஊர் சுற்றியது. தினமும் சாயங்காலம் அவன் என் மேஜைக்கு வந்து, "எங்க மாப்ளே இருக்கு?" என்பான். "நிதிப் பிரிவுல" என்பேன். அது பொய்யில்லை. இருவரும் கீழே போய் டீ குடிப்போம். அவன் மனைவி மூன்று வயசுப் பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடி ஏறி வந்து, "அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்கக்கா" என்று என் மனைவியிடம் கெஞ்சுவாள். நான் உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். கடைசியில் மஸ்கட்டிலிருந்து தந்தி வந்துவிட்டது. இந்தத் தேதிக்குள் வந்தால் நீ, வராவிட்டால் வேறு ஆள்.

மறுநாள் அவன் ஒரு வரியில் ராஜினாமா எழுதிக்கொண்டு வந்தான். அதையும் வாங்கிப் பதிவு போட வேண்டியவன் நான்தான். இவ்வளவு தூரம் போகும் என்று நான் நினைக்கவேயில்லை. "டேய், யோசிடா. கால் காசுன்னாலும் கவர்ன்மென்ட் காசு. குழந்தை இருக்கு. பென்ஷன் இருக்கு" என்றேன். சத்தியமாக மனசிலிருந்துதான் சொன்னேன்.

"யோசிச்சா போக மாட்டேன் மாப்ளே. நீ நம்பரைப் போடு."

போட்டேன். காலனியே அவனைப் பைத்தியம் என்றது. வேலை போனால் வீடும் போகும், அது விதி. அவன் மனைவியும் பெண்ணும் திண்டுக்கல்லுக்கு மூட்டை கட்டினார்கள். அவன் மஸ்கட்டுக்குப் போனான். அவன் போன ஒரே வாரத்தில், கீழ்த்தள வீடு எனக்கு வேண்டும் என்று விண்ணப்பம் கொடுத்தேன். "அவ சாமானைக் கட்டிக்கூட முடிக்கலை, அதுக்குள்ள அப்ளிகேஷனா?" என்று என் மனைவி கேட்டாள். கேட்டவள்தான், வீடு கிடைத்ததும் முதல் வேலையாகத் தோட்டத்துக் கறிவேப்பிலை மரத்தை வளைத்துப் பிடித்தாள். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாடி வதங்கி வரும் கறிவேப்பிலைக்கே அடிதடி நடந்த காலம். என் நண்பன் ஊரிலிருந்து தொட்டியில் கொண்டுவந்து, டிசம்பர் குளிரில் சாக்கு சுற்றிக் காப்பாற்றிய மரம் அது. இவள் அதை ஒடித்து ஒடித்துப் பிளாக் முழுக்க தானம் பண்ணினாள். ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே!

அவனிடமிருந்து முதல் கடிதம் அந்த வீட்டு முகவரிக்கே வந்தது. 'நம் வீட்டில் நீ இருப்பது எவ்வளவு நிம்மதி' என்று எழுதியிருந்தான். நம் வீடாம். பாஸ்போர்ட்டில் அந்த முகவரிதான் இருக்கிறது, தூதரகங்கள் எல்லாம் டெல்லியில் இருக்கின்றன, ஆகவே வேலை சம்பந்தப்பட்ட தபால் அங்கேயே வரட்டும், நீ பார்த்து அனுப்பு என்று கேட்டிருந்தான். நான் மாட்டேன் என்றா சொல்ல முடியும்?

அப்படித்தான் அவனுடைய புகழ் எல்லாம் என் வீட்டு வாசலில் வந்து விழ ஆரம்பித்தது. மஸ்கட்டில் இரண்டு வருடம் முடிந்தது. விடுப்பில் போயிருந்தால் திரும்பி வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். உட்கார நாற்காலி இல்லை. அதனால் பஹ்ரைன் போனான். அங்கே முடிந்ததும் ஜாம்பியா. செம்புச் சுரங்க ஊர் ஒன்றில் பெரிய கிளப். கறுத்த, உயரமான ஆட்டக்காரர்கள் அவனைத் தோளில் தூக்கி நிற்கும் போட்டோ வந்தது. குண்டனை எப்படித்தான் தூக்கினார்களோ! பிறகு மலேசியா. ஒவ்வொரு ஊரிலும் பெரிய அணி, பெரிய மைதானம். குரங்கு பிடிக்கப் போய் எனக்குப் பிள்ளையார் ஆகிவிட்டது. அவனை நாற்காலியோடு கட்டிப்போட நினைத்து எழுதிய இரண்டு வரி அவனை உலகம் சுற்ற அனுப்பிவிட்டது.

நான் அரைநாள் லீவு போட்டுச் சாணக்யபுரி தூதரகங்களின் வெளியே அவன் காகிதங்களோடு வெயிலில் நின்றேன். அந்த நாட்டுக் கொடியைப் பார்த்துக்கொண்டே வயிறெரிந்தேன். ஆபீஸ் அணியில் அப்போது என் பதவி மேனேஜர். பெயர்தான் பெரிசு. இடைவேளையில் ஆரஞ்சுப்பழம் உரித்துக் கொடுப்பதும் ஈர பனியன்களை எண்ணி மூட்டை கட்டுவதும் வேலை. அவனுடைய போட்டோக்களை அவன் சொன்னபடி திண்டுக்கல்லுக்கு அனுப்புவேன். தோளில் தூக்கிய போட்டோவை மட்டும் அனுப்பவில்லை. பீரோவில் வைத்து அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன். "மறுபடியும் அதையா பாக்கறீங்க? நில்லுங்க, மோர் கொண்டாறேன். வயித்தெரிச்சலுக்கு நல்லது" என்பாள் என் மனைவி.

நடுவில் எங்கள் பகுதிக்குப் புதுத் தபால்காரர் ஒருவர் வந்தார். உத்தரப் பிரதேசத்துக்காரர். மதராசிப் பெயரெல்லாம் அவருக்கு ஒன்றுதான், நீளமான ஒன்று. வெளிநாட்டுக் கவர்களில் என் நண்பன் பெயருக்கு முன்னால் 'கோச்' என்று போட்டிருக்கும், அதை மட்டும் படித்துக்கொண்டார். ஒருநாள் கவரை நீட்டி, "லீஜியே, கோச் சாப்!" என்று சலாம் வைத்தார். திருத்தியிருக்க வேண்டும். நான் கவரை வாங்கிக்கொண்டு, "அச்சா" என்றேன். அன்றிலிருந்து நான் கோச் சாப். ஸ்டாம்பைக் கிழித்துக் கொடுங்கள் கோச் சாப், இது எந்த தேசம் கோச் சாப் என்று கேட்பார். நானும் ஜாம்பியாவின் செம்புச் சுரங்கங்களைப் பற்றி விளக்கம் சொல்வேன். ஒருமுறை என் பெண் கேட்டுவிட்டு, "பாபா, ஆப் ஜூட் க்யூன் போல்தே ஹோ?" என்றாள். பொய் சொல்வதைக்கூட அவள் இந்தியில்தான் கண்டுபிடித்தாள்.

எண்பதுகளின் நடுவில், நகரத்தில் மேம்பாலங்களும் கலர் டிவியும் வந்துவிட்ட ஒரு குளிர்காலத்தில், அவன் டெல்லிக்கு வந்தான். மலேசிய அணியோடு ஒரு போட்டியில் ஆட. முதல் நாளே நேராக வீட்டுக்கு வந்துவிட்டான். நீல டிராக் சூட், நரைத்த கிருதா. கூடவே அவன் அணியின் கோல்கீப்பர், பினாங்குத் தமிழன். அந்தப் பையன் பேசிய தமிழில் பாதிகூட என் பெண்ணுக்கு வராது. நண்பன் உள்ளே வருவதற்கு முன்னால் கறிவேப்பிலை மரத்தின் அடியை ஒரு கையால் பிடித்துப் பார்த்தான். "தடியாயிட்டாடா!" என்றான். என் மனைவி அடை வார்த்துப் போட்டாள். அவன் ஏழு தின்றான். சாப்பிட்டுவிட்டு என்னைப் பார்த்து, "நம்ம செக்ஷன் ஆபீசர் இருக்காரா, போயிட்டாரா?" என்று கேட்டான்.

"ரிட்டையர் ஆகி லஜ்பத் நகர்ல இருக்கார். எதுக்கு?"

"அவரைப் பாத்து ஒரு கும்பிடு போடணும் மாப்ளே. அன்னைக்கு அந்த ஆளு ஃபைல்ல கொக்கி போடலைன்னா நான் ரெண்டு வருஷத்துல திரும்பி வந்திருப்பேன். இன்னைக்கும் உன் பக்கத்துல உக்காந்து டீ குடிச்சுட்டு இருப்பேன். ரொம்ப நாள் அவரைத் திட்டினேன். அப்புறம் யோசிச்சா, என்னை ஆளாக்கினதே அவர்தான்." பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துக் காட்டினான். தங்க நிறக் கைக்கடிகாரம். எனக்கு அவன் ஒரு டீ-ஷர்ட் கொண்டுவந்திருந்தான். அளவும் பெரிசு.

மறுநாள் மத்தியானம் லஜ்பத் நகர் போனோம். போகும் வழியெல்லாம் எனக்குப் பயம். அந்தப் பெரியவர் உண்மையைச் சொல்லிவிட்டால்? பச்சைத் தாளில் முதல் கையெழுத்து என்னுடையது, அவருக்கு நினைவு இருக்காதா? வேறு எதையும் இவனிடம் மறைக்கலாம், இது தெரிந்தால் தீர்ந்தது. கடவுளே, கிழவருக்கு எல்லாம் மறந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

அவருக்கு நிஜமாகவே மறந்திருந்தது. வெயிலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். நண்பன் காலைத் தொட்டுக் கும்பிட்டு, இந்தியில் கதையெல்லாம் சொல்லி, கடிகாரத்தைக் கையில் கட்டிவிட்டான். நான் மூச்சுவிட்டேன். தப்பித்தேன். அத்தோடு எழுந்து வந்திருக்கலாம்.

ஆனால் கிழவர் கையைத் திருப்பித் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். மீசையைத் தடவினார். "உன் விண்ணப்பத்தைப் பார்த்த அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது மகனே" என்று ஆரம்பித்தார். இந்தப் பையன் குமாஸ்தா வேலைக்குப் பிறந்தவன் இல்லை, இவனை ஒரு தள்ளு தள்ளினால்தான் பறப்பான் என்று நினைத்தாராம். அதனால் இரவெல்லாம் யோசித்து அந்தக் கேள்வியைத் தானே எழுதினாராம். சமோசா எண்ணெய்க் கையோடு படிக்காமல் கையெழுத்துப் போட்ட மனுஷன்! நண்பன் கண் கலங்கி அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

எனக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை பற்றி எரிந்தது. அவனுடைய இந்த வாழ்க்கையில் எனக்கென்று இருந்தது அந்த இரண்டு வரிதான். வங்காளி அதிகாரிக்கு அதில் பங்கு உண்டு, மஸ்கட்காரனுக்குப் பங்கு உண்டு, அவனைத் தோளில் தூக்கியவனுக்குக்கூடப் பங்கு உண்டு. என் பங்கையும் இந்தக் கிழவர் கையில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"ஜூட்! அதை எழுதினது நான்!" என்று கத்திவிட்டேன். பாதி இந்தி, பாதி தமிழ். "என் கையெழுத்துதான் முதல்ல இருக்கும். ஃபைலை எடுத்துப் பாருங்க! இவர் சும்மா கையெழுத்துப் போட்டவர். கேள்வி என்னோடது!"

உண்மை பேசுவதற்காகச் சொல்லவில்லை. மனசாட்சி உறுத்தியும் சொல்லவில்லை. அந்தக் கடிகாரம் பொறுக்கவில்லை, அதனால் சொன்னேன். கிழவர் கடிகாரக் கையை மெதுவாகச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

நண்பன் எழுந்து அவருக்கு நமஸ்தே சொன்னான். வெளியே வந்து ஆட்டோவுக்காக நின்றோம். காலி ஆட்டோ இரண்டு கடந்து போயின, அவன் கூப்பிடவில்லை. மைதானத்தில் தொண்ணூறு நிமிஷமும் வாய் ஓயாதவன்.

"அவர் எழுதினா அது ரூல் மாப்ளே" என்றான் கடைசியில். "நீ எழுதினா?"

நான் அடுத்த ஆட்டோ வருகிறதா என்று பார்த்தேன்.

"தினம் சாயங்காலம் என்னோட டீ குடிச்சியே. வீட்டுக்கு எப்ப அப்ளிகேஷன் போட்டே?"

"நீ போன பிறகுதான்."

"எத்தனை நாள் கழிச்சு?"

"ஒரு வாரம்."

அவன் தலையை ஆட்டினான். "எம் பொண்ணுக்கு இப்ப பன்னெண்டு வயசு. ஊர் ஊரா மாறிட்டே இருந்ததுல, அவளைப் பள்ளிக்கூடத்தை விட்டு எடுக்க முடியலை. இத்தனை வருஷத்துல அவளோட நான் இருந்தது பதினாலு மாசம். அந்தக் கோவத்தையெல்லாம் எவனோ ஒரு பஞ்சாபிக் கிழவன் தலைல போட்டு, மன்னிச்சும் விட்டிருந்தேன்டா." ஆட்டோ வந்தது. அவன் மட்டும் ஏறிக்கொண்டான்.

அடுத்த நாள் ஆட்டத்துக்கு என்னைத் தன் பக்கத்தில் பெஞ்சில் உட்காரவைப்பதாக முன்பே சொல்லியிருந்தான். நான் அந்தப் பக்கம் போகவில்லை. டிக்கெட் வாங்கி, வெயில் பக்கத்து கேலரியில், வேர்க்கடலைக் கும்பலோடு உட்கார்ந்தேன். அவன் எல்லைக்கோட்டு ஓரத்தில் நின்று கத்தினான். மலாய்க்காரன், சீனன், தமிழன் எல்லோருக்கும் ஒரே பாஷை. "எடது பக்கம் விடு! பின்னால வர்றான் பாரு!" அதே சொல், அதே தொண்டை. லெஃப்ட் விங்கில் ஓர் ஒல்லிப் பையன் அவன் சொன்ன இடத்துக்கு ஓடினான், பந்து வந்து சேர்ந்தது, கோல். சுற்றி இருந்தவர்கள் எழுந்தார்கள். நானும் எழுந்தேன். அந்த ஒல்லிப் பையன் மேலும் எனக்குப் பொறாமையாக இருந்தது. நண்பன் கேலரிப் பக்கம் திரும்பவே இல்லை.

அதன் பிறகு வெளிநாட்டுக் கவர் வரவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம் பார்த்தேன். தூதரகத்துக் காகிதம்கூட இல்லை. எல்லா இடத்திலும் முகவரியை மாற்றிவிட்டான் என்று புரிந்தது. திண்டுக்கல்லுக்கு எழுதினேன். பதில் இல்லை. பீரோவில் இருந்த போட்டோவை ஒரு கவரில் போட்டு அங்கேயே அனுப்பினேன். அதற்கும் பதில் இல்லை. அவன் இப்போது எந்த நாட்டில் இருக்கிறான், ஜெயிக்கிறானா தோற்கிறானா, ஒன்றும் தெரியாது. பத்து வருடமாக வாசலில் காத்திருந்து வயிறெரிந்தவனுக்குத் திடீரென்று காத்திருக்க ஒன்றும் இல்லை. "இப்ப மோர் வேண்டாமா?" என்று என் மனைவி ஒருநாள் கேட்டாள். கேட்டபிறகு அவளே பேச்சை மாற்றிவிட்டாள்.

வெயில் காலம் வந்தது. ஒரு திங்கள்கிழமை, லீவு போட்டு வீட்டில் இருந்தேன். தபால்காரர் சைக்கிளை நிறுத்தி, மின்சார பில்லை மட்டும் நீட்டினார். போகாமல் நின்றார்.

"க்யா பாத் ஹை, கோச் சாப்? வெளிநாட்டுத் தபாலே வர்றதில்லையே? அந்த வேலை என்ன ஆச்சு?" என்று இந்தியில் கேட்டார்.

என் பெண் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பில்லை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

"ராஜினாமா பண்ணிட்டேன்" என்றேன்.